தலையுரு ஒலிவாங்கி: ஒரு கலைச்சொல் முன்மொழிவு

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

இரு காதுகளில் விழுவது போலவே ஒலியைத் தனித்தனியாகப் பதியும் இருசெவி ஒலிப்பதிவுக்காக, மனிதத் தலை வடிவின் காதுகளில் ஒலிவாங்கிகளைப் பதித்து வீட்டிலேயே செய்துகொள்ளும் 'டம்மி ஹெட்' கருவிக்குப் 'போலித்தலை', 'பொம்மைத்தலை' என்னும் இரு சொற்கள் இதுவரை முன்வைக்கப்பட்டுள்ளன. இரண்டையும் ஏற்க எனக்குத் தயக்கமாக இருக்கிறது. அந்தத் தலை ஒரு வேலையும் செய்யாமல் ஒப்புக்கு நிற்கிறது என்ற எண்ணத்தை இரண்டுமே தந்துவிடுகின்றன.

உண்மையில் பெரும்பங்கு வேலை தலையுடையதே. நேர் இடப்பக்கத்திலிருந்து வரும் ஒலி, இடச்செவியை எட்டிய பிறகு வலச்செவியை எட்டச் சுமார் 0.6 முதல் 0.7 மில்லிநொடி ஆகிறது. ஏறத்தாழ 1,500 ஹெர்ட்சுக்கு மேற்பட்ட அதிர்வெண்களில் தலை மறைப்பதால் வலச்செவியில் ஒலி குன்றியும் கேட்கிறது. முன்னா பின்னா, மேலா கீழா என்று பிரித்தறியச் செவிமடலின் மேடுபள்ளங்கள் பெரிதும் உதவுகின்றன. ஆகவே செய்முறையிலும் கவனம் இங்கேதான் வேண்டும். விக் கடைகளில் வைத்திருக்கும் தெர்மாகோல் தலை மிகவும் இலேசானது என்பதால் அதன்மேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பூசிக் கெட்டிப்படுத்துவது நல்லது. சிலிக்கனில் வார்த்த காதுகளைப் பொருத்தி, ஒரே வகையைச் சேர்ந்த இரண்டு எலெக்ட்ரெட் கேப்ஸ்யூல்களை (சிறு ஒலிவாங்கிகளை), அவற்றின் முகம் செவித்துளையின் வாயோடு சமமாக இருக்கும்படி பதித்து, சுற்றியுள்ள இடைவெளியை அடைத்துவிட வேண்டும். கம்பிகளைக் கழுத்து வழியாக இறக்கிவிடலாம்.

1933 சிகாகோ கண்காட்சியில் அமெரிக்காவின் பெல் ஆய்வகம் 'ஆஸ்கர்' என்ற இத்தகைய மனித உருவப் பொம்மையைக் காட்சிக்கு வைத்தபோது, ஒலிவாங்கிகள் செவித்துளையில் இல்லை. காதுக்குச் சற்று முன்னே கன்னப் பகுதியில் இருந்தன. 1973இல் வந்த, ஜெர்மனியின் நாய்மன் நிறுவனத்தின் கேயூ 80 ஒலிவாங்கி செவிமடல்களோடு கூடிய தலையாகவே அமைந்தது. ஜெர்மானியர் இவ்வகைக் கருவியைக் 'குன்ஸ்ட்கோப்ஃப்', அதாவது செயற்கைத்தலை, என்கின்றனர். பொருளளவில் அது சரியே. ஆனால் செயற்கைக்கால், செயற்கைப்பல் என்று மருத்துவத்தில் புழங்கும் நமக்குச் 'செயற்கைத்தலை' வேறெங்கோ இழுத்துச் சென்றுவிடும்.

எனவே 'தலையுரு ஒலிவாங்கி' என்று முன்மொழிகிறேன். 'உரு' என்பது வடிவத்தைச் சுட்டுகிறது. ஒலியை மாற்றுவதும் அந்த வடிவமே. பதிவு செய்பவர் தம் காதிலேயே மாட்டிக்கொள்ளும் வகையைச் 'செவியணி ஒலிவாங்கி' என்று தனியே பிரித்துச் சொல்லவும் இது இடம் தருகிறது. இரண்டுக்கும் பொதுவான 'பைனாரல்' முறைக்கு 'இருசெவி' என்பதையே வைத்துக்கொள்ளலாம். அதை ஸ்டீரியோவோடு கலந்துவிடக் கூடாது என்பதில் உறுதியாக இருக்கிறேன்: இருசெவிப் பதிவு ஹெட்போனில் கேட்பதற்கானது, ஒலிபெருக்கியில் ஒலித்தால் இடப்பக்க ஒலி வலச்செவிக்கும், வலப்பக்க ஒலி இடச்செவிக்கும் சென்று, திசையுணர்வு குலைந்துவிடும்.

புணர்ச்சி குறித்து ஒன்று. 'உரு' முற்றியலுகரம் என்பதால் 'தலையுருப் பதிவு' என வலி மிகும். 'ஒலிவாங்கி'யோடு சேர்த்தால் 'தலையுருவொலிவாங்கி' என்று நீண்டுவிடும் என்பதால் பிரித்தே எழுதலாம் என்பது என் கருத்து. இலக்கணம் அறிந்தவர்கள் இதைப் பார்த்துச் சொல்ல வேண்டுகிறேன்.