நாடகத் தயாரிப்பாளருக்கு முதுகலை ஆராய்ச்சி எதுக்கு?

மேடைக்கிளி:
நாடகத் தயாரிப்புக்கு முதுகலை வச்சு, அதுல ஆராய்ச்சி முறை, நிதி கேட்டு ப்ரொபோசல் எழுதுறதுன்னு ஒரு செமஸ்டரையே ஓட்டுறாங்க, எதுக்குன்னு சத்தியமா புரியல. ஆள் சேர்க்கிறது, அரங்கம் புடிக்கிறது, காசு பொரட்டுறது, கடைசி வாரத்துல டைரக்டரும் லைட் டிசைனரும் முட்டிக்கிட்டா நடுவுல நின்னு சமாளிக்கிறது, இதுதான் வேலை. நாலு ப்ரொடக்‌ஷன் கூட ஓடினா வரும், தீசிஸ் எழுதி வராது.

ஒத்திகைமணி:
ஓடினா வரும், சரி. அடுத்த ப்ரொடக்‌ஷனுக்கு காசு யார் தருவா? ப்ரொபோசல் படிச்சு மார்க் போடுற குழுவுல நான் இருந்திருக்கேன். கதைய ரெண்டு பக்கம் உருகி உருகி எழுதுறவங்க, பார்வையாளர் யாருன்னு கேட்ட இடத்துல 'பொதுமக்கள்'னு ஒத்த வார்த்தைய போட்டு அனுப்பிடுறாங்க. கேள்விய கூர்மையா கேக்கப் பழகணும்ங்க. 'இளைஞர்கள் ஏன் நாடகத்துக்கு வர்றதில்ல'ன்னா பதிலே கிடைக்காது. 'ராத்திரிக்கு பதிலா மதியம் போட்டா ஷிஃப்ட் வேலை பாக்குறவங்க வருவாங்களா'ன்னா ரெண்டு ஷோ போட்டே பாத்துடலாம். ஆராய்ச்சி முறைன்னு சொல்லிக் குடுக்கிறது இதத்தான்.

மேடைக்கிளி:
நிதி கேக்குற விண்ணப்ப ஃபார்ம் மொழி பழகினவங்க ஃபார்முக்கு ஏத்த நாடகத்தையே யோசிக்க ஆரம்பிச்சுடுறாங்க. இந்த வருஷம் சுற்றுச்சூழலுக்கு நிதின்னா எல்லாரும் சுற்றுச்சூழல் நாடகம். எனக்கு இது ரொம்ப வலிக்குது.

பின்னரங்கம்:
அந்த பயம் நியாயம்தான். ஆனா பட்ஜெட் பத்தி ரெண்டு பேருமே பேசலயே. 150 சீட் அரங்கம், 8 ஷோன்னா மொத்தம் 1,200 டிக்கெட். எல்லாம் வித்துடும்னு கணக்கு போட்டு வர்ற ப்ரொபோசல எப்படி நம்புறது? 60 சதவீதம்னு வச்சா 720, அதுல போட்ட காசு திரும்புதான்னு பாருங்க, எவ்ளோ துண்டு விழுதோ அதுக்குத்தான் நிதி கேக்கணும். எதிர்பாராத செலவுக்கு 5லேர்ந்து 10 சதவீதம் தனியா வைக்கணும். அப்புறம் உரிமை. எழுதினவர் இறந்து இந்தியாவுல 60 வருஷம், பிரிட்டன்ல 70 வருஷம் காப்புரிமை இருக்கு, மொழிபெயர்ப்புக்கு தனி உரிமை வேற, டூர் போறவங்க இத தேடிப் பாக்காம தேதி குறிக்கவே கூடாது.

ஒத்திகைமணி:
இன்னொன்னும் சொல்றேன். நாடகம் மாதிரி கலைகள் ஏன் டிக்கெட் காசுல மட்டும் நிக்க முடியலன்னு 1966லயே பாமோல், போவன்னு ரெண்டு பொருளாதார அறிஞர்கள் விளக்கிட்டாங்க. தொழிற்சாலையில மெஷின் வந்தா அதே ஆளு நிறைய பொருள் செய்வாரு, ஆனா நாலு பேர் வாசிக்க வேண்டிய இசைக்கு இன்னைக்கும் நாலு பேர் வேணும், சம்பளம் மட்டும் மத்த தொழில் கூடவே ஏறிட்டு போகும். நாடகமும் அப்படித்தான். 'ஏன் உங்க நாடகம் தன் கால்ல நிக்கல'ன்னு கேக்கும்போது கெஞ்சாம பதில் சொல்ல இந்தப் படிப்பு வேணும்.

மேடைக்கிளி:
நல்ல பாயிண்ட். ஆனா இத ரெண்டு நாள் பட்டறையில சொல்லிக் குடுக்க முடியாதா? முதுகலை சேர காசும் நேரமும் இருக்கிறவங்களுக்குத்தான் இந்த மொழி கைவரும்னா நிதியும் அவங்களுக்கேதான் போகும், பத்து வருஷமா குழு நடத்துறவங்க வெளிய நிப்பாங்க.

பின்னரங்கம்:
ஃபார்ம் நிரப்புறத பட்டறையில கத்துக்கலாம். பார்வையாளர்கிட்ட சம்மதம் வாங்கி பேட்டி எடுக்கிறது, கிடைச்ச பதில் நம்ம ஆசைக்கு எதிரா இருந்தாலும் அப்படியே எழுதுறது, இதெல்லாம் கூட இருந்து ஒருத்தர் திருத்தித் திருத்தித்தான் வரும். அந்த ஒருத்தர் காலேஜ்லதான் இருக்கணும்னு இல்ல, பழைய தயாரிப்பாளரா இருக்கலாம்.

மேடைக்கிளி:
அப்போ நிதி குடுக்கிறவங்களும் ஏன் எழுத்த மட்டும் பாக்கணும்? ஒரு ஒத்திகைக்கு வந்து உக்காரட்டும், கால் மணி நேரம் எங்கள பேச விடட்டும்.

ஒத்திகைமணி:
ஒத்திகைக்கு வரணும்ங்கிறதுல நான் உங்க பக்கம். பட்ஜெட் மட்டும் எழுத்துலதான் வேணும். கடைசி தவணைய ரிப்போர்ட் குடுத்த பிறகுதான் விடுற அமைப்பு நிறைய இருக்கு, அதுவரைக்கும் நடிகருக்கு எந்தக் காசுல சம்பளம், எந்த தேதியிலன்னு தயாரிப்பாளர் முன்னாடியே எழுதி கையெழுத்து போட்டிருக்கணும். வாய்ப்பேச்ச நம்பி மாசக்கணக்கா காத்துக்கிடந்த நடிகர்கள நான் பாத்திருக்கேன்.