பவுண்டேசன் இயர் (முதலாம் ஆண்டுக்கு முந்திய ஆயத்த வருடம்) எடுத்து கேம் டெவலப்மென்ட் படித்தவர்கள், நடந்ததைச் சொல்லுங்கோ

தட்டுமறிச்சான், கோண்டாவில்

ஏ.எல்.லில் (உயர்தரப் பரீட்சை) இணைந்த கணிதம் எஸ், அதாவது கடைசிச் சித்தி, பௌதிகவியல் சி, இரசாயனவியல் எஸ். இலங்கைப் பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் ஸ்கோரைக் கேட்காதீர்கள். இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்துக்குப் போட்டேன். நேர்முகத்துக்கு முன் நீயே செய்த கேம் ஒன்றை அனுப்பு என்றார்கள். யூனிட்டி என்ற கேம் எஞ்சினில் (கேம் செய்யும் மென்பொருள்) கிளித்தட்டு செய்து வைத்திருந்தேன், ஆறு மாத வேலை. கோடுகளைத் தாண்டுகிறவர்களைத் துரத்தித் தொடுகிற கிளி நடுக்கோட்டில் எப்படி ஓடும் என்று அப்பா முற்றத்தில் தடியால் கோடு கீறிக் காட்டினவர்.

இரவு எட்டு மணிக்கு சூம். நேர்முகம் எடுத்த விரிவுரையாளர் அம்மா என் கேமைத் தன் கணினியில் திறந்து திரையைக் காட்டினார். தொடங்கியதும் கிளியைக் காணவில்லை, நடுக்கோட்டில் ஏதோ மங்கலாக ஒரு கீறல்தான் தெரிந்தது. அவ்வளவு வேகம். அவர் அம்புக்குறியை ஒருக்கால் தொட்டார். அவருடைய ஆள் தட்டுகள் எல்லாவற்றையும் தாண்டி, மைதானத்தையும் தாண்டி, அங்கால் இருந்த நீல வெறுமைக்குள் போய்விட்டான்.

“ஏன் இப்படி நடக்கிறது?” என்று சிரிக்காமல் கேட்டார். “உங்கள் கொம்பியூட்டரில்தான் பிழை” என்றேன்.

அந்த வார்த்தைதான் இன்னும் குத்துகிறது. ஒவ்வொரு ஃபிரேமுக்கும், அதாவது திரை ஒவ்வொரு முறை புதிதாக வரையப்படும்போதும், 0.1 நகரு என்று எழுதியிருந்தேன். என் கிழட்டு லப்டொப்பில் செக்கனுக்கு 20 ஃபிரேம், அவருடையதில் 144. டெல்டா டைமால் (ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததுக்கும் இடையில் போகும் நேரம்) பெருக்கவில்லை, விஷயம் அவ்வளவுதான். நான் கேட்டது நேரே முதலாம் ஆண்டு, கிடைத்தது பவுண்டேசன். மூன்று வருடம் நாலானது, ஒரு வருடக் காசும் கூடப் போனது. எல்லாம் அந்த ஒரு பெருக்கலால்.

சோகி

உங்களுக்காவது வாய் திறக்க விட்டார்கள் அண்ணா.

எங்களுக்குப் பவுண்டேசனில் முதல் வேலையே கணினியைத் தொடாமல் தாளில் ஒரு விளையாட்டுச் செய்வதுதான். அம்மம்மா தந்துவிட்ட சோகிகள் (சோழிகள்) பையில் கிடந்தன. சப்பாத்துப் பெட்டியை வெட்டிப் பலகை செய்து, சோகியை எறிந்து, வாய் மேலே பார்த்து விழுந்தவற்றை எண்ணிக் காய் நகர்த்துகிற மாதிரிச் செய்தேன். விதிகளை ஒரு தாளில் எழுதி வைத்தேன்.

பிளேடெஸ்ட் அன்று, அதாவது மற்றவர்கள் விளையாடிப் பார்க்கும் நாளில், பக்கத்து மேசைப் பையன் வந்து உட்கார்ந்தான். தாளைப் பார்த்தான், வாசித்தானா தெரியாது. சோகிகளை ஒவ்வொன்றாகப் பலகையில் அடுக்கிவிட்டு, “காய் அழகாக இருக்கிறது, டைஸ் எங்கே?” என்றான். நான் வாயெடுக்க, சேர் உதட்டில் விரலை வைத்தார். “கடையில் வாங்குகிறவனோடு பெட்டிக்குள் நீயும் போகப் போகிறாயா?” இருபது நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். அவன் யாரிடமோ ஒரு டைஸ் வாங்கி, தானே விதி போட்டு விளையாடினான். அநியாயம் என்னவென்றால், பிறகு வந்த மூன்று பேருக்கும் அவன் விளையாடிய விதம்தான் பிடித்தது. அதையே திருத்தி எழுதிக் கொடுத்து 68 எடுத்தேன். அம்மம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

ஸ்ரான்லி ரோட்

தம்பி தட்டுமறிச்சான், டெல்டா டைமுக்காக ஒருவரும் பவுண்டேசனில் போட மாட்டார்கள். கணிதத்தில் எஸ் என்றால் அங்கே அதுதான் வழக்கம். கிளியைக் குறை சொல்லாதீர்கள்.

என் கதை சின்னது. கொழும்பில் ஒரு மொபைல் கேம் வேலைக்குப் போனேன். சான்றிதழைத் திறந்தும் பார்க்கவில்லை. ஒரு தாளைத் தந்து, சரிந்த சுவரில் பட்ட பந்து எந்தப் பக்கம் திரும்பும், எழுது என்றார்கள். டொட் புரொடக்ட், இரண்டு காவிகளின் (வெக்டர்) பெருக்கம். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி ரியூசனில் ரெண்டு வருடம் போட்ட அதே கணக்கு. இது எதற்கு உதவும் என்று அன்றைக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை.

போக இருக்கிறவர்களுக்குச் சில விஷயம். பவுண்டேசன் முடித்தால் முதலாம் ஆண்டுக்கு எத்தனை புள்ளி வேண்டும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அதைக் கொண்டு வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறலாம் என்று கனவு காணாதீர்கள், பல இடங்களில் ஏற்க மாட்டார்கள். விசாவுக்குக் காட்டும் காசு தொடர்ந்து 28 நாள் கணக்கில் கிடக்க வேண்டும், இடையில் ஒரு நாள் குறைந்தாலும் வில்லங்கம். பின்னாளில் இலங்கையில் அரச வேலை எண்ணம் இருந்தால் அந்தப் பல்கலைக்கழகத்தை யூ.ஜீ.சி. (பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு) ஏற்குமா என்று முதலே பாருங்கள். அப்புறம், ஒரே எஞ்சினைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருக்க வேண்டாம். 2023 செப்டெம்பரில் யூனிட்டி, கேம் இன்ஸ்டோல் ஆகும் கணக்குக்குக் காசு என்று அறிவிக்க, எத்தனை பேர் கோடோ என்ற இன்னொரு எஞ்சினுக்கு ஓடினார்கள்! அடுத்த வருடம் அவர்களே அதை விலக்கிக்கொண்டார்கள். கோடோவும், முப்பரிமாண உருவங்கள் செய்யும் பிளெண்டரும் முழுக்க இலவசம், பழைய கணினியிலும் ஓரளவு ஓடும். வீட்டில் ஒரு வருடம் அதில் மினக்கெட்டுப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகும் ஆசை இருந்தால் காசைக் கட்டுங்கள்.

ஒரு பரப்பு

நான் படித்தவன் இல்லை, மகனைப் படிப்பித்தவன். மகனுடைய பவுண்டேசனின் இரண்டாம் தவணைக் காசு 2022 மே மாதம் கட்ட வேண்டி வந்தது. மார்ச் தொடக்கத்தில் 200 சொச்சமாக இருந்த டொலர் 360க்குப் போயிருந்தது, இங்கிலாந்துப் பவுணும் அதோடு ஏறிவிட்டது. வங்கியில் இருந்த பிள்ளை வாயால் சொல்லக் கூச்சப்பட்டு, கல்குலேட்டரை என் பக்கம் திருப்பி வைத்தது. தோட்டக் காணியில் ஒரு பரப்பு அப்படித்தான் போனது. மகன் இப்போது கேமில் வரும் பாத்திரங்களை நடக்க வைக்கிற வேலை செய்கிறான். நாய் நடப்பதுதான் கஷ்டமாம்.

தட்டுமறிச்சான், கோண்டாவில்

ஸ்ரான்லி ரோட் அண்ணை, நான் கேட்டது அனுபவம், நீங்கள் தந்தது கையேடு. ஆனால் எஸ் விஷயம் உண்மையாக இருக்கலாம், இத்தனை நாளாக அப்படி யோசிக்கவில்லை.

ஒன்று சொல்லாமல் விட்டுவிட்டேன். பவுண்டேசனில் எங்களுக்குப் புரோகிராமிங் எடுத்தது அதே அம்மாதான். டெல்டா டைம் பாடம் வந்த அன்று, “போன வருடம் ஒருவர் அனுப்பியது” என்று கிளித்தட்டைத் திறந்தார். யாருடையது என்று சொல்லவில்லை. ஆள் நீலத்துக்குள் பறந்தான். வகுப்பே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன்.