பின்சீற்றில் மனைவி ஏறினால் பைக் மாறிவிடுகிறது: திருகோணமலையிலிருந்து யாழ்ப்பாணம் போக உதவி தேவை

உவர்மலை வாசி

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது பல்சர் 220. தனியாக மட்டக்களப்பு, தம்புள்ளை என்று ஓடியிருக்கிறேன், ஒரு குறையும் இல்லை. இந்த முறை நல்லூர்த் தேருக்கு மனைவியையும் கூட்டிக்கொண்டு பைக்கிலேயே போக ஆசை. ஹொரவப்பொத்தானை, வவுனியா வழியாக. அதற்கு முன் பழகிப் பார்க்கலாம் என்று கந்தளாய் வரை இருவரும் போய் வந்தோம். அங்கேதான் எல்லாம் தெரியவந்தது.

பிரேக் பிடித்தால் அவர் முன்னுக்குச் சறுக்கி வந்து என் முதுகில் மோதுகிறார், ஹெல்மெட் இரண்டும் முட்டுகின்றன. கியர் மாற்றும்போதும் அதே கதை. பள்ளத்தில் விழுந்தால் பின்பக்கம் 'டங்' என்று அடிக்கிறது. வளைவில் நான் நினைத்த கோட்டில் நிற்காமல் பைக் வெளிப்பக்கம் போகப் பார்க்கிறது. திரும்பி வர இருட்டிவிட்டது. நான் டிம்மில்தான் ஓடினேன், ஆனாலும் எதிரே வந்தவர்கள் எல்லோரும் லைட் அடித்துக் காட்டினார்கள்.

அவருக்குப் போகும்போதே இடுப்புக்குக் கீழே வலி, வரும்போது தலையிடி. "வேண்டாம்" என்று சொல்லவில்லை. அவருக்கும் இந்தப் பயணத்தில் ஆசை இருக்கிறது, அதனால்தான் கேட்கிறேன். சீற்றை மாற்றுவதா, ஷொக்கை (அதிர்வு தாங்கும் ஸ்பிரிங்கை) மாற்றுவதா, இல்லை இந்த பைக் இரண்டு பேருக்குத் தோதுப்படாதா?

ஸ்பனர் தம்பி

அண்ணா, இப்போதைக்கு ஒன்றும் வாங்க வேண்டாம். முதலில் இதைச் சொல்லுங்கள். பின் ரயரில் காற்று எவ்வளவு? ஷொக்கின் இறுக்கம் எந்தப் படியில் இருக்கிறது? பொக்ஸ் பூட்டியிருந்தால் அதற்குள் என்ன இருந்தது? சீற்றுக்கு மேல் கவர் ஏதும் போட்டிருக்கிறீர்களா?

உவர்மலை வாசி

காற்று முன்னுக்கு 25 பிஎஸ்ஐ, பின்னுக்கு 28. ஷொக் மிக மென்மையான படியில் இருக்கிறது, வாங்கிய நாளிலிருந்து அப்படியேதான். டொப் பொக்ஸ் உண்டு. தண்ணீர்ப் போத்தல்கள், ஸ்பனர் பை, மழைக்கோட், கந்தளாயில் வாங்கிய தயிர்ச் சட்டிகள் எல்லாம் அதற்குள்தான். சீற்றுக்கு ரெக்சின் கவர் போட்டிருக்கிறேன், வழவழப்பாக இருக்கும். இருவருமாக 135 கிலோ வரும்.

ஸ்பனர் தம்பி

அப்போ காரணம் கிடைத்துவிட்டது. 28 என்பது ஒருவர் ஓடும்போது வைக்கும் காற்று. பல்சர் 220க்கு பின்னால் ஆள் ஏறினால் பின் ரயருக்கு 32 வேண்டும், முன்னுக்கு 25 போதும். காலையில் ரயர் குளிர்ந்திருக்கும்போது வீட்டுக்குக் கிட்ட உள்ள பெற்றோல் செட்டில் அடியுங்கள். ஓடிச் சூடான ரயரில் அளவு கூடுதலாகக் காட்டும், அதைப் பார்த்துக் காற்றைத் திறந்துவிடக் கூடாது.

அடுத்தது ஷொக். உங்கள் பைக்கில் பின் ஷொக் இரண்டுக்கும் 5 படிகள் உண்டு. மென்மையான படியில் வைத்து இரண்டு பேர் ஏறினால் ஸ்பிரிங் பாதிக்கு மேல் அமுங்கியபடியே ஓடும். பள்ளம் வந்தால் மேற்கொண்டு அமுங்க இடமில்லை, அதுதான் அந்தச் சத்தம். பின்பக்கம் தாழ்ந்தால் முன்சில்லில் பாரம் குறையும், அதனால் பைக் வளைவுக்குள் திரும்பச் சோம்பல்படும். ஹெட்லைட்டும் மேல்நோக்கிப் பார்க்கும், டிம்மில் வைத்தாலும் எதிரே வருபவர் கண்ணில்தான் விழும். நீங்கள் சொன்னவற்றில் மூன்று இந்த ஒன்றிலிருந்தே வருகின்றன.

ஷொக்கைத் திருப்பும் சி ஸ்பனரால் இரண்டு பக்கமும் ஒரே படிக்கு ஏற்றுங்கள். நடுப்படியில் தொடங்கி, இருவரும் ஏறி, பொக்ஸையும் நிரப்பி, ஒருமுறை ஓடிப் பாருங்கள். அடிக்கும் சத்தம் நிற்கவில்லை என்றால் இன்னொரு படி. அதன் பிறகு ஹெட்லைட்டைச் சுவரில் அடித்துப் பார்த்து, தேவைப்பட்டால் மட்டும் இறக்குங்கள்.

பொக்ஸ் பின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது. அங்கே வைக்கும் பாரம் முன்சில்லைத் தூக்கத்தான் பார்க்கும். தண்ணீர், ஸ்பனர் போன்ற பாரமானவற்றை பெற்றோல் டாங்கின் மேல் வைக்கும் பைக்குள் கொண்டுவாருங்கள், பொக்ஸில் உடுப்பு மட்டும். பொக்ஸ் தாங்கும் எடை அதிலேயே எழுதியிருக்கும், அதை மீற வேண்டாம். பிராக்கெட் ஆணிகளையும் ஒருமுறை இறுக்கிவிடுங்கள்.

செயினையும் விடாதீர்கள். ஒருவரும் ஏறாமல் பார்த்து இறுக்கமாக வைத்த செயின், இருவர் ஏறிப் பின்பக்கம் இறங்கியதும் இன்னும் இறுகும். அப்படியே ஓடினால் செயினும் ஸ்பிரொக்கெட்டும் பேரிங்கும் சேர்ந்து தேயும். இருவரும் இருக்கும்போது மூன்றாவது ஆள் ஒருவர் குனிந்து, செயினில் கொஞ்சம் தளர்வு மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கட்டும்.

லிங்கநகர்

இவ்வளவு யோசிக்கத் தேவையில்லை மச்சான். ஷொக்கைக் கடைசிப் படிக்கு ஏற்று, சீற்றுக்கு மேல் தடிப்பான ஸ்பொஞ்ச் ஒன்று கட்டு. வேலை முடிந்தது.

ஸ்பனர் தம்பி

135 கிலோவுக்குக் கடைசிப் படி வேண்டாம். அளவுக்கு மேல் இறுக்கினால் சின்னக் குழியும் நேராகப் பின்னால் இருப்பவரின் முள்ளந்தண்டுக்குப் போகும். அக்காவுக்கு ஏற்கெனவே வலி இருக்கிறது. கட்டிய ஸ்பொஞ்ச் அதைவிட ஆபத்து: பிரேக்கில் ஆளோடு சேர்ந்து அதுவும் நகரும்.

நிலாவெளி வீதி

தம்பி, ஷொக், காற்று பற்றிச் சொல்லிவிட்டார்கள், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஹெல்மெட் முட்டுவது அவற்றால் மட்டும் தீராது.

பிரேக் பிடிக்கப் போவது உங்களுக்கு முன்பே தெரியும். கை லீவருக்குப் போகும் நேரத்திலேயே உங்கள் உடம்பு தயாராகிவிடும். பின்னால் இருப்பவருக்கு அந்த அரை நொடி கிடைப்பதில்லை. அவர் கண்ணுக்கு முன்னால் உங்கள் ஹெல்மெட்தான் இருக்கிறது. ஆகவே அந்த அரை நொடியை நீங்கள்தான் கொடுக்க வேண்டும். அக்சிலேட்டரை ஒரேயடியாக மூடாமல் மெதுவாக விடுங்கள். பின்பிரேக்கை முதலில் லேசாகத் தொட்டால் பைக் ஒருமுறை அமரும், 'சரி, நிற்கப்போகிறோம்' என்று அவருக்குப் புரியும். அதன் பிறகு முன்பிரேக்கைப் படிப்படியாகக் கூட்டுங்கள். இரண்டு பேர் ஏறும்போது பின்சில்லில் பாரம் கூடுவதால், தனியாக ஓடும்போதைவிடப் பின்பிரேக் நன்றாக வேலை செய்யும். அதற்காக முன்பிரேக்கை மறந்துவிட வேண்டாம், அவசரத்தில் பைக்கை நிறுத்துவது அதுதான். கியரை இறக்கும்போது கிளச்சைச் சட்டென்று விடுவதும் முட்டுவதற்கு ஒரு காரணம். கொஞ்சம் அக்சிலேட்டர் கொடுத்துவிட்டு விடுங்கள்.

முன்னால் போகும் வாகனத்துக்கும் உங்களுக்கும் உள்ள இடைவெளியைத் தனியாக ஓடும்போது விடுவதைவிட நன்றாகக் கூட்டுங்கள். இடைவெளி இருந்தால் இறுக்கிப் பிடிக்கும் தேவையே வராது. யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதியில் பஸ்ஸை முந்தவும் கூடுதல் தூரம் வேண்டும், பாரம் ஏறிய பைக் முன்னைப் போல் பாயாது.

இதையெல்லாம் யாழ்ப்பாண வீதியில் பழக வேண்டாம். காலையில் நிலாவெளி வீதியில் குச்சவெளிப் பக்கம் போங்கள். வாகனம் இல்லாத இடமாகப் பார்த்து, அவருக்குச் சொல்லிவிட்டு, மெதுவான வேகத்திலிருந்து நிறுத்திப் பழகுங்கள். முட்டாமல் நிறுத்த வரும் வரைக்கும் செய்யுங்கள்.

பின்சீற் பயணி

தம்பி, எல்லோரும் பைக்கைப் பற்றிப் பேசுகிறார்கள். நான் பல வருடங்களாகப் பின்னால் இருந்து போகிறவள், அதனால் தங்கச்சியின் பக்கத்தைச் சொல்கிறேன்.

அந்தத் தலையிடி ஏன் வந்தது என்று அவரிடம் கேட்டீர்களா? தண்ணீர் குடித்தாரா என்று கேளுங்கள். வழியில் கழிப்பறை கிடைக்குமோ தெரியாது என்று பயந்து தண்ணீரே குடிக்காமல் வரும் பெண்கள் நிறையப் பேர். இப்போது கச்சான் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும் காலம். வியர்ப்பது தெரியாமலே உடம்பு காய்ந்துபோகும். நீங்கள் பெற்றோலுக்குத் திட்டம் போடுவதுபோல அவர் இறங்கும் இடங்களுக்கும் திட்டம் போடுங்கள். ஹொரவப்பொத்தானை, வவுனியா, கிளிநொச்சி என்று நல்ல சாப்பாட்டுக் கடையோ செட்டோ உள்ள இடங்களை முன்கூட்டியே அவருக்குச் சொல்லிவிடுங்கள். அடுத்து எங்கே இறங்கலாம் என்று தெரிந்தால் நிம்மதியாகத் தண்ணீர் குடிப்பார். முறிகண்டியில் எப்படியும் பிள்ளையாரைக் கும்பிட நிற்பீர்கள். அங்கேயும் கொஞ்சம் நடக்கவிட்டு ஏற்றுங்கள். மணிக்கு ஒரு தடவையாவது இறங்கி நடக்காவிட்டால் எந்தச் சீற்றும் வலிக்கத்தான் செய்யும்.

ஹெல்மெட் யாருடையது? பின்னால் இருப்பவருக்குத்தானே என்று வீட்டில் கிடக்கும் பழையதைக் கொடுப்பது வழக்கம். தளர்வான ஹெல்மெட் காற்றில் தலையை இழுத்துக்கொண்டே இருக்கும், கழுத்து வலித்து அது தலைக்கு ஏறும். அவருடைய தலைக்கு அளந்து, கண்ணாடி உள்ள ஹெல்மெட் ஒன்று வாங்குங்கள். செலவு செய்வதென்றால் முதலில் இதற்குச் செய்யுங்கள்.

எங்கே பிடிப்பது என்பதையும் யாரும் சொல்லித் தருவதில்லை. ஒரு கை பின் கம்பியில், மற்றக் கை உங்கள் இடுப்பில். பிரேக் பிடிக்கும்போது இடுப்பில் உள்ள கையை முன்னால் கொண்டுபோய் டாங்கில் ஊன்றினால் பாரம் உங்கள் முதுகில் விழாது. தொடையால் சீற்றை இறுக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். வளைவில் நீங்கள் சாயும் பக்கத்துத் தோளுக்கு மேலால் அவர் பார்த்தாலே போதும், உடம்பு தானாகச் சரியாகும். பயத்தில் எதிர்ப்பக்கம் சாய்ந்தாலும் பைக் வெளியே போகும்.

பைக்கில் பேசுவது காற்றில் கேட்காது. தோளில் ஒரு தட்டு என்றால் மெதுவாகப் போ, இரண்டு தட்டு என்றால் நிறுத்து. இரண்டு தட்டுக்கு ஏன் என்று கேட்காமல் நிறுத்த வேண்டும். அவர் தட்டினால் நிற்பீர்கள் என்று தெரிந்த பிறகுதான் அவருக்குப் பயம் போகும்.

கிண்ணியா ரைடர்

அக்கா சொன்னதோடு உடுப்பையும் சேருங்கள். எங்கள் பக்கம் அபாயாவோடு போகிறவர்கள் உண்டு, உங்கள் பக்கம் சாரி, சால். எதுவானாலும் தொங்கும் துணி பின்சில்லுக்கும் செயினுக்கும் போனால் ஆளையே இழுத்து விழுத்திவிடும். அபாயா என்றால் உள்ளே கால்சட்டை போட்டு, துணியைச் சேர்த்து அடியில் வைத்து இருக்கச் செய்வோம். உங்கள் வீட்டார் சால் இல்லாத உடுப்போடு வரட்டும், கோயிலுக்கான சாரி பொக்ஸில் போகட்டும். ஒருபக்கமாகக் கால் போட்டு இவ்வளவு தூரம் வரவே கூடாது. செருப்பு வேண்டாம், சப்பாத்து. ஏறி இறங்குவது இடப்பக்கத்தால். சைலன்சர் வலப்பக்கம், காலைச் சுட்டுவிடும். அவர் ஏறும்போது நீங்கள் இரண்டு காலையும் ஊன்றி முன்பிரேக்கைப் பிடித்திருங்கள். நீங்கள் 'சரி' என்று சொன்ன பிறகு அவர் ஏறட்டும்.

உவர்மலை வாசி

எல்லோருக்கும் நன்றி. பின் ரயருக்கு 32 அடித்தேன். ஷொக்கை நடுப்படியில் வைத்துப் பார்த்தேன், பெரிய பள்ளத்தில் ஒரு சின்னச் சத்தம் மிச்சம் இருந்தது. இன்னொரு படி ஏற்றியதும் நின்றுவிட்டது. ஹெட்லைட்டைத் தொடவே தேவைப்படவில்லை. ரெக்சின் கவரைக் கழற்றியதும் சறுக்குவது பெருமளவு குறைந்தது. சீற் முன்பக்கம் சரிந்திருப்பதால் குஷன் கடையில் கொடுத்துப் பின்சீற்றை மட்டமாக்கி, இறுக்கமான ஸ்பொஞ்ச் வைத்துத் தைக்கச் சொல்லியிருக்கிறேன்.

அக்கா, நீங்கள் கேட்டது சரிதான். கந்தளாய் போய் வரும் வரை அவர் தண்ணீரே குடிக்கவில்லையாம். உங்கள் பதிலை அவரே வாசித்தார். குச்சவெளிப் பக்கம் பழகப் போனபோது இரண்டு தட்டு முறையைப் பிடித்துக்கொண்டார். ஹெல்மெட் இப்போது எப்போதாவதுதான் முட்டுகிறது. கியரை இறக்கும்போது இன்னும் பழக வேண்டும்.

ஒன்று மட்டும் யோசனையாக இருக்கிறது. ஆனையிறவில் பக்கக்காற்று பலமாக இருக்கும் என்கிறார்கள். இருவரோடு, பொக்ஸும் இருக்கும்போது எப்படிச் சமாளிப்பது?

கிண்ணியா ரைடர்

ஆனையிறவு வெட்டவெளி, இரண்டு பக்கமும் கடல்நீரேரி. இந்தக் காலத்தில் காற்று தென்மேற்கிலிருந்து வருவதால் யாழ்ப்பாணம் நோக்கிப் போகும்போது இடப்பக்கத்தில் அடிக்கும். வேகத்தைக் குறைத்து, கைப்பிடியை இறுக்கிப் பிடிக்காமல், காற்று வரும் பக்கம் லேசாகச் சாய்ந்து ஓடுங்கள். வீட்டாரை உங்களோடு ஒட்டி இருக்கச் சொல்லுங்கள், அவர் நிமிர்ந்து விலகி இருந்தால் காற்று அவரைத் தனியாகத் தள்ளும். எதிரே பஸ்ஸோ லொறியோ வந்தால் கடக்கும் கணத்தில் அது கிளப்பும் காற்றும் சேர்ந்து பைக்கை ஆட்டும். அதற்காக வீதி ஓரத்தை ஒட்டாமல் உங்கள் பாதையின் நடுவில் ஓடுங்கள். பொக்ஸ் எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லது.

வெயில் ஏற முன் காலையிலேயே திருமலையை விடுங்கள். தேருக்கு முதல் நாளே போய்ச் சேருவது நல்லது. தேரன்று நல்லூரைச் சுற்றி வாகனம் விடமாட்டார்கள், பைக்கை எட்டத்தில் நிறுத்தி நடக்க வேண்டிவரும். திரும்பி வரும்போதும் காலையிலேயே புறப்படுங்கள். வவுனியாவுக்கும் ஹொரவப்பொத்தானைக்கும் இடையில் அந்தி பட்டால் யானை வீதிக்கு வரும். பின்னால் ஆளை வைத்துக்கொண்டு அங்கே சட்டென்று திருப்ப முடியாது. நேரம் பிந்திவிட்டால் வவுனியாவிலேயே தங்கிவிடுங்கள்.