சஃப்ரஜெட்டுக்குத் தமிழில் என்ன சொல்? ‘வாக்குரிமைக்காரி’ பொருந்துமா?

வெள்ளவத்தை ஆசிரியை:
அன்பர்களே, தரம் 11 மாணவர்களுக்கான வரலாற்றுக் கையேடு வியாழக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். ஒரு சொல்லில் சிக்கி நிற்கிறேன். பிரித்தானியாவில் மிலிசென்ட் ஃபோசெட்டின் வழிநின்று மனுக்கொடுத்தும் கூட்டம் கூட்டியும் வாக்குக் கேட்டவர்கள் சஃப்ரஜிஸ்டுகள். 1903இல் மான்செஸ்டரில் எமலின் பாங்க்ஹர்ஸ்ட் தொடங்கிய சங்கத்தில் சேர்ந்து, யன்னல் கண்ணாடிகளை உடைத்துச் சிறை சென்று, அங்கும் உண்ணாமல் இருந்தவர்கள் சஃப்ரஜெட்டுகள். இந்த இரண்டாவது பெயர் 1906இல் டெய்லி மெயில் நாளிதழ் கேலியாக வைத்தது. அப்பெண்களோ அதையே சூடிக்கொண்டு, 1912இல் தம் இதழுக்கும் பெயராக்கினர். எங்கள் பழைய கையேட்டில் இரு சாராரும் ‘வாக்குரிமையாளர்’தாம். அதைப் படித்த மாணவி ஒருத்தி, ‘வாக்குரிமை உள்ளவர்கள் ஏன் டீச்சர் வாக்குரிமை கேட்டார்கள்?’ என்றாள், அவளிடம் பிழையில்லை.

கொட்டாஞ்சேனைப் புலவர்:
‘வாக்கு’ என்பதே வடசொல் என்பதை முதலில் நினைவூட்டுகிறேன். குடத்திலிருந்து ஓலை எடுக்கும் குடவோலை வழக்கம் அகநானூற்றிலேயே உவமையாக வந்திருக்க, நாம் ஏன் கடன் வாங்க வேண்டும்? மூதாட்டி, பெருமாட்டி என்பவற்றின் வழியில் ‘ஓலையாட்டி’ என்று ஆக்கலாம்.

பம்பலப்பிட்டி சட்ட மொழிபெயர்ப்பாளர்:
ஐயா, ‘ஓலையாட்டி’ என்றால் ஓலையை ஆட்டுபவள் என்றுதான் பிள்ளைகள் விளங்கிக்கொள்வார்கள். அன்றியும், அவ்வாறு ஓலை எடுத்து ஊர்ச்சபைக்கு ஆள் தெரிந்த சோழர் காலத்து உத்தரமேரூரில், குடத்துக்குள் பெயர் இடப்படுவதற்கே கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவை) மேல் நிலமும் 35க்கும் 70க்கும் இடைப்பட்ட வயதும் வேண்டியிருந்தன. 1918இல் பெண்களுக்கு வாக்களிக்க 30 வயதும் சொத்துத் தகைமையும் கேட்ட பிரித்தானியச் சட்டம் அதற்குத் தங்கை முறை. விலக்கி வைத்த முறையின் பெயரை, விலக்கை எதிர்த்தவர்களுக்குச் சூட்டுவது முறையன்று. ‘வாக்குரிமைப் போராளி’ என்று எழுதலாமென்றால், இந்நாட்டில் அச்சொல்லைக் கேட்டதும் மனம் வேறெங்கோ போய்விடுகிறது. ஆகவே ‘வாக்குரிமைக்காரி’ என்பதை முன்மொழிகிறேன். கடைக்காரி, சண்டைக்காரி என்னும்போது குரலில் ஏறும் இளக்காரந்தான் அந்த நாளிதழ் வைத்த ‘-எட்’ ஈற்றிலும் இருந்தது. கேலியும் தெரிய வேண்டும், கேலியைக் கைப்பற்றியதும் தெரிய வேண்டும்.

கொட்டாஞ்சேனைப் புலவர்:
‘காரி’ ஈறும் வடமொழித் தொடர்புடையதே. தனிச்சொல்லாக வரும் தமிழ்க் ‘காரி’யோ கருமையைக் குறிப்பது, வள்ளல் மலையமானுக்கும் அப்பெயர், அவன் குதிரைக்கும் அப்பெயர்.

வெள்ளவத்தை ஆசிரியை:
ஐயா, குதிரையை விட்டுவிடுவோம், அச்சகம் காத்திருக்கிறது. எனக்கு வேறொரு இடர்ப்பாடும் உண்டு. 1927 டிசம்பரில் இதே கொழும்பில் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் அமைந்து, இலங்கையின் அரசியலமைப்பைச் சீர்திருத்த வந்த பிரித்தானிய டொனமூர் ஆணைக்குழுவின் முன் சாட்சியம் அளித்தது. தோட்டங்களில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமா என்று ஆணைக்குழு வினவியபோது, அவர்களும் பெண்கள்தாமே, எல்லாப் பெண்களுக்கும் வேண்டும் என்று செயலாளர் அக்னஸ் டி சில்வா விடையளித்தார். ஆணைக்குழு பெண்களுக்கு 30 வயதைப் பரிந்துரைத்தது; 1931இல் நடைமுறைக்கு வந்ததோ இருபாலாருக்கும் 21. (வாக்குப் பெற்ற தோட்டப் பெண்களில் மிகப் பெரும்பாலோர் 1948, 1949ஆம் ஆண்டுக் குடியுரிமை, தேர்தல் சட்டங்களால் அதைப் பின்னர் இழந்தது, ஒரு சொல்லுக்குள் அடங்காத கதை.) கண்ணாடி ஒன்றையும் உடைக்காத இவர்களை ‘காரி’ என்பது பொருந்தாது. நம் தேர்தல் வழக்கிலுள்ள ‘தேருநர்’ போல ‘வாக்குரிமை வேண்டுநர்’ எனலாமா?

தெஹிவளை வாசகி:
‘வேண்டுநர்’ என்றால் கோயில் வாசலில் நிற்பது போல இருக்கிறது, அக்கா. உரிமையை வேண்டுவதில்லை, கோருவதுதான். ‘வாக்குரிமை கோருநர்’ என்று எழுதுங்கள். ‘காரி’யைப் பற்றி எனக்கு அச்சம் உண்டு. விளக்கம் வாசிக்காமல் தலைப்பை மட்டும் பார்க்கும் பெற்றோர், டீச்சரே அப்பெண்களை ஏசுவதாக எண்ணுவார்கள்.

வெள்ளவத்தை ஆசிரியை:
‘கோருநர்’ என்பதை நன்றியோடு ஏற்கிறேன். மற்றதைத் தலைப்பில் ‘சஃப்ரஜெட்’ என்றே விட்டு, பாடத்தின் உள்ளே கேலிப்பெயரின் கதையைச் சொல்லுமிடத்தில் மட்டும் ‘வாக்குரிமைக்காரி’யைப் பயன்படுத்துகிறேன்.

பம்பலப்பிட்டி சட்ட மொழிபெயர்ப்பாளர்:
தலைப்பில் துணியாத சொல் பாடத்துக்குள் நிலைக்காது. ஆனாலும் வியாழக்கிழமையை முன்னிட்டு ஒப்புகிறேன்.

கொட்டாஞ்சேனைப் புலவர்:
நான் ஒப்பவில்லை. அடுத்த பதிப்பு எப்போது?