உதவி: பையன் பேஸ்பால் மேட்ச் ஸ்கோர்புக்ல ஒரு ஆள் அதிகமா வர்றார்! (லிட்டில் லீக், மைனர்ஸ்)

திருச்சிக்காரன் (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். நாங்க நியூ ஜெர்சியில இருக்கோம். பையனுக்கு 10 வயசு, லிட்டில் லீக்ல (சின்னப் பசங்க பேஸ்பால் லீக்) மைனர்ஸ் டிவிஷன்ல ஆடுறான். நான் ஊர்ல கிளப் கிரிக்கெட்டுக்கு ஸ்கோர் எழுதினவன்னு எப்படியோ கோச் காதுக்குப் போயிடுச்சு. "அப்ப இதுவும் உங்களுக்குத்தான்"னு ஸ்கோர்புக்கைக் கையில கொடுத்துட்டார்.

அடிப்படை பிடிபட்டுடுச்சு. பிட்சர் 1, கேட்சர் 2, ஃபர்ஸ்ட் பேஸ் 3, செகண்ட் பேஸ் 4, தேர்ட் பேஸ் 5, ஷார்ட்ஸ்டாப் 6, இடது, நடு, வலது அவுட்ஃபீல்ட் 7, 8, 9. ஷார்ட்ஸ்டாப் பொறுக்கி ஃபர்ஸ்ட் பேஸுக்கு எறிஞ்சு அவுட்னா 6-3. ஸ்ட்ரைக் அவுட்னா கே. பேட்டை வீசாமலே நின்னு அவுட் ஆனா கே-யைத் திருப்பிப் போடணும். இதெல்லாம் சரி.

பிரச்சினை ரெண்டு.

ஒண்ணு: செவ்வாய்க்கிழமை மேட்ச் நேரம் முடிஞ்சதால 5 இன்னிங்ஸோட நின்னுடுச்சு. எங்க பக்கம் மொத்தம் 26 தடவை பேட்டர் வந்திருக்காங்க. ரன் 8. பேஸ்ல மிச்சம் நின்னவங்க 4. அவுட் 15. கூட்டினா 27 வருது. வந்தவன் 26, போனவன் 27. யாரு அந்த இருபத்தேழாவது ஆள்?

ரெண்டு: எங்க பிட்சர் போட்டது என் கணக்குல 52 பந்து, எதிர் டீம் அம்மா எழுதினதுல 50. ரெண்டு பந்துதானேன்னு விட்டுட்டேன். இப்ப கோச் "வெள்ளிக்கிழமை அவன் போடலாமா கூடாதா?"ன்னு கேட்கிறார். என்ன சொல்றது?

---

மூன்றாம்பேஸ்

முதல் கேள்விக்கு: மூணாவது ஸ்ட்ரைக்கை கேட்சர் கோட்டை விட்டிருப்பார், பேட்டர் ஓடி ஃபர்ஸ்ட் பேஸ்ல ஏறியிருப்பார். நீங்க கே-ன்னு போட்டு அவுட் கணக்குலயும் சேர்த்திருப்பீங்க. எனக்கு வழக்கமா அங்கதான் உதைக்கும்.

---

பழைய_அம்பயர்

மூன்றாம்பேஸ், நீங்கள் சொல்வது மேஜர்ஸிலும் (மைனர்ஸுக்கு அடுத்த மேல் பிரிவு) அதற்கு மேலும் சரி. லிட்டில் லீக் மைனர்ஸில் அந்த விதியே கிடையாது. கேட்சர் பிடித்தாலும் விட்டாலும் பேட்டர் அவுட். எனவே காரணம் வேறு.

திருச்சிக்காரன், உங்கள் சோதனை முறை சரியானது. அதிகாரபூர்வ விதிப்புத்தகத்திலேயே இது இருக்கிறது: அட் பேட் (பின்னால் வரும் மற்றவை சேராத பேட்டர் முறை), வாக் (நான்கு பால் வந்து சும்மா கிடைத்த ஃபர்ஸ்ட் பேஸ்), பந்து உடம்பில் பட்டது, சாக்ரிஃபைஸ் (தான் அவுட் ஆகி வேறு ரன்னரை முன்னேற்றுவது), தடை செய்ததால் கொடுத்த பேஸ் எல்லாவற்றையும் கூட்டினால், அது ரன் + பேஸில் மிச்சம் + எதிரணியின் புட்அவுட் (எடுத்த அவுட்) என்ற கூட்டுத்தொகைக்குச் சமமாக வர வேண்டும். கிரிக்கெட்டில் பேட்டிங் பக்கத்தையும் பவுலிங் பக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பீர்களே, அதே வேலைதான்.

ஆனால் ஆட்டம் முழுவதற்கும் சேர்த்துப் பார்த்தால் தப்பு எங்கே என்று தெரியாது. இன்னிங்ஸ் வாரியாகப் பிரித்துப் போடுங்கள்.

---

திருச்சிக்காரன்

இந்தாங்க சார்:

1: பேட்டர் 4, ரன் 0, மிச்சம் 1
2: பேட்டர் 8, ரன் 5, மிச்சம் 2
3: பேட்டர் 5, ரன் 1, மிச்சம் 0
4: பேட்டர் 6, ரன் 2, மிச்சம் 1
5: பேட்டர் 3, ரன் 0, மிச்சம் 0

அவுட் எல்லாத்துக்கும் மும்மூணு.

---

ஸ்கோர்புக்_அக்கா

தம்பி, 2-வது இன்னிங்ஸ்ல நிஜமாவே மூணு அவுட் ஆச்சா? சரியா 5 ரன்னுல நிக்குதே, அதான் கேட்கிறேன். மைனர்ஸ்ல ஒரு டீம் 5 ரன் எடுத்துட்டா அந்த அரை இன்னிங்ஸ் முடிஞ்சுது. அவுட் எத்தனைன்னு பார்க்க மாட்டாங்க.

---

திருச்சிக்காரன்

அட ஆமாக்கா! அஞ்சாவது ரன் வந்ததும் அம்பயர் மாறச் சொல்லிட்டார். கட்டங்களைப் பார்த்தா அந்த இன்னிங்ஸ்ல ஒரே ஒரு அவுட்தான் இருக்கு. 5 இன்னிங்ஸ், மும்மூணா 15-ன்னு நானா பெருக்கிட்டேன்.

அப்ப அவுட் 13. ரன் 8, மிச்சம் 4. கூட்டினா 25. இப்ப ஒண்ணு குறையுதே!

---

பழைய_அம்பயர்

அப்படியென்றால் இரண்டு தப்பு இருந்திருக்கிறது. ஒன்று இரண்டு கூட்டியது, இன்னொன்று ஒன்று குறைத்தது. மொத்தக் கணக்கில் ஒன்றை ஒன்று மறைத்துக்கொண்டது.

மற்ற நான்கு இன்னிங்ஸும் இப்போது சரியாக இருக்கின்றன. 3-வது மட்டும் பாருங்கள்: ரன் 1, அவுட் 3, மிச்சம் 0. கூட்டினால் 4. வந்தது 5 பேர். அந்த இன்னிங்ஸை ஒவ்வொரு பேட்டராக எழுதுங்கள்.

---

திருச்சிக்காரன்

முதல் பையன் வாக், அப்புறம் செகண்ட் பேஸைத் திருடினான். ரெண்டாவது பையன் கே. மூணாவது பையன் சிங்கிள், முதல் பையன் ஹோமுக்கு வந்துட்டான். நாலாவது பையன் செகண்ட் பேஸ்மேன் கைக்கே தூக்கிக் கொடுத்தான். ரெண்டு அவுட், ஃபர்ஸ்ட் பேஸ்ல ஒருத்தன்.

அஞ்சாவது பையன் ஷார்ட்ஸ்டாப்புக்குத் தரையில அடிச்சான். ஷார்ட்ஸ்டாப் செகண்ட் பேஸுக்கு எறிஞ்சான், அங்க ஓடி வந்த மூணாவது பையன் அவுட். இன்னிங்ஸ் ஓவர். 6-4-ன்னு எழுதினேன். ஆனா யாரோட கட்டத்துல எழுதணும்னு தெரியல. அடிச்சவன் அவுட் ஆகல, ஃபர்ஸ்ட் பேஸுக்கும் போய்ச் சேரல, பாதி வழியில திரும்பிட்டான். அதனால அவன் கட்டத்தை அப்படியே விட்டுட்டேன்.

---

ஸ்கோர்புக்_அக்கா

அவன்தான் நீங்க தேடுற ஆளு 😄

6-4-ஐ அவுட் ஆன பையன் கட்டத்துல எழுதணும். டைமண்ட்ல ஃபர்ஸ்டுக்கும் செகண்டுக்கும் நடுவுல கோடு பாதியில நிக்கும், பக்கத்துல 3-ன்னு போட்டு வட்டம். அடிச்ச பையன் கட்டத்துல ஃபீல்டர்ஸ் சாய்ஸ் (அடிச்சவனை விட்டுட்டு வேற ரன்னரை அவுட் பண்ணது), சுருக்கமா எஃப்.சி. அவனுக்கு அட் பேட் உண்டு, ஹிட் கிடையாது.

மிச்சம் யாருன்னா அடிச்ச அந்தப் பையன்தான். அவன் பேஸை மிதிச்சானா இல்லையாங்கிறது கணக்கே இல்லை. ஒரு பேட்டர் அடிச்ச பந்துல வேற ரன்னர் மூணாவது அவுட் ஆனா, அடிச்சவனை பேஸ்ல மிச்சம்னு சேர்க்கணும்னு விதியிலயே தனியா எழுதியிருக்கு. அது இல்லைன்னா கணக்கு என்னைக்குமே நேராகாது.

---

திருச்சிக்காரன்

8 + 5 + 13 = 26. வந்துருச்சு! எதிர் டீம் பக்கமும் போட்டுப் பார்த்தேன்: 24 பேட்டர், 6 ரன், 3 மிச்சம், 15 அவுட். அது முதல்லயே சரியாத்தான் இருந்திருக்கு.

---

குட்டிகோச்

இவ்ளோ கஷ்டம் எதுக்கு? ஸ்கோர் போடுற கேம்சேஞ்சர் ஆப்ல போட்டுடுங்க, தாத்தா பாட்டி ஊர்ல இருந்தே பார்ப்பாங்க.

---

ஸ்கோர்புக்_அக்கா

பார்க்கட்டும், நல்லதுதான். நானும் போடுறேன். ஆனா ஆப்பும் நாம தட்டுறதைத்தான் எழுதும். அந்த அஞ்சாவது பையனை அவுட்னு தட்டிட்டா அதுவும் அவுட்னுதான் காட்டும். ஒரு சீசன் கையால எழுதினவங்களுக்கு ஆப்ல எங்க தப்புன்னு பார்த்ததுமே தெரிஞ்சிடும்.

---

பழைய_அம்பயர்

இரண்டாவது கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. எனக்கு அதுதான் பெரிது. ஹிட் (பேட்டர் அடித்துப் பெற்ற பேஸ்), எர்ரர் (ஃபீல்டரின் பிழை) தப்பாக எழுதினால் ஒரு அப்பாவுக்குக் கோபம் வரும், அவ்வளவுதான். பந்துக் கணக்குத் தப்பினால் ஒரு குழந்தையின் தோள்பட்டையும் முழங்கையும் அடிபடும்.

9, 10 வயதுக்கு ஒரு நாளில் அதிகபட்சம் 75 பந்து. 11, 12 வயதுக்கு 85. 14 வயது வரைக்கும் ஓய்வு இப்படி: 20 வரை போட்டால் ஓய்வு தேவையில்லை. 21 முதல் 35 வரை ஒரு நாள், 36 முதல் 50 வரை இரண்டு நாள், 51 முதல் 65 வரை மூன்று நாள், 66-ம் அதற்கு மேலும் நான்கு நாள்.

ஆகவே 50 என்றால் புதன், வியாழன் ஓய்வு, வெள்ளி போடலாம். 52 என்றால் வெள்ளியும் ஓய்வு, சனிதான். நீங்கள் "ரெண்டு பந்துதானே" என்று விட்டது சரியாக அந்தக் கோட்டின் மேலேயே விழுந்திருக்கிறது.

இரண்டு விஷயம் சொல்லுங்கள். எதிர் அணியின் கணக்கோடு கடைசியாக எப்போது ஒத்துப்போனது? கடைசி பேட்டருக்கு என்னென்ன பந்து போனது?

---

திருச்சிக்காரன்

ஒவ்வொரு அரை இன்னிங்ஸ் முடிஞ்சதும் அவங்ககிட்ட கேட்டுக்கிட்டேன். அதுவரைக்கும் ஒண்ணாத்தான் வந்துது. அவன் போட்ட கடைசி இன்னிங்ஸ்லதான் வித்தியாசம்.

கடைசி பேட்டர் வரும்போது என் கணக்கு 47. அவனுக்கு முதல்ல ஸ்ட்ரைக், அப்புறம் வரிசையா மூணு ஃபவுல் (கோட்டுக்கு வெளியே அடிச்சது), அப்புறம் 4-3 அவுட். அதோட இன்னிங்ஸ் முடிஞ்சுது. அடுத்த இன்னிங்ஸ்ல வேற பையன் போட்டான்.

---

ஸ்கோர்புக்_அக்கா

அப்ப அந்த அம்மா எங்க விட்டாங்கன்னு தெரிஞ்சுடுச்சு. புக்ல ஒவ்வொரு கட்டத்து ஓரத்துலயும் பாலுக்கு (ஸ்ட்ரைக் எல்லைக்கு வெளியே போற பந்து) மூணு, ஸ்ட்ரைக்குக்கு ரெண்டு குட்டிப் பெட்டிதான் இருக்கும். ரெண்டு ஸ்ட்ரைக் ஆனப்புறம் வர்ற ஃபவுலுக்கு இடமே கிடையாது. ஸ்ட்ரைக், முதல் ஃபவுல், ரெண்டு பெட்டியும் நிறைஞ்சுது. அடுத்த ரெண்டு ஃபவுல் காத்துல போச்சு. கடைசிப் பந்தை மட்டும் சேர்த்திருக்காங்க. 47 + 3 = 50.

நான் அந்த மாதிரி ஃபவுலுக்குப் பெட்டிக்கு வெளியே புள்ளி வைப்பேன். நீங்களும் அப்படித்தான் வச்சிருப்பீங்க போல.

---

திருச்சிக்காரன்

ஆமாக்கா, புள்ளி இருக்கு. அப்ப 52 தான் சரி. கோச்கிட்ட வெள்ளிக்கிழமை முடியாதுன்னு சொல்லிடவா?

---

பழைய_அம்பயர்

அவசரப்படாதீர்கள். 52 சரிதான், ஆனால் வெள்ளிக்கிழமை போடலாம்.

ஓய்வு எல்லையை ஒரு பேட்டருக்கு நடுவில் தொட்டால், அந்தப் பேட்டரை முடிக்கும் வரை பிட்சர் தொடரலாம். அந்தப் பேட்டர் பேஸில் ஏறினாலோ, அவுட் ஆனாலோ, மூன்றாவது அவுட் விழுந்தாலோ அத்தோடு நிறுத்த வேண்டும். அடுத்த பேட்டருக்கு ஒரு பந்துகூடப் போடாமல் மாற்றிவிட்டால், அந்த எல்லைக்கான ஓய்வு மட்டும் போதும். உங்கள் அணியின் பிட்சர் பையன் அந்தப் பேட்டருக்கு 47-ல் தொடங்கினான். 50-வது பந்து அந்தப் பேட்டருக்கு மூன்றாவது பந்து. அவனோடு முடித்துக்கொண்டான். ஆகவே 50-க்கான இரண்டு நாள் ஓய்வுதான். அடுத்த இன்னிங்ஸில் ஒரே ஒரு பந்து போட்டிருந்தாலும் மூன்று நாள்.

பதிவில் 52 என்றே எழுதுங்கள். பக்கத்தில் "கடைசி பேட்டர் 47-ல் தொடக்கம்" என்று குறியுங்கள். லீக் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஸ்கோர் எழுதுபவரையோ வேறொருவரையோ அதிகாரபூர்வமாகப் பந்து எண்ணுபவராக நியமிக்க வேண்டும். செவ்வாயன்று அது யார் என்று கேட்டு, அவர் பதிவும் இப்படித்தான் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கோச்சிடம் சொல்லுங்கள்.

இன்னொன்று: 41 பந்தோ அதற்கு மேலோ போட்டவன் அன்றைக்கு கேட்சராக ஆடக் கூடாது. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

---

மூன்றாம்பேஸ்

அண்ணே, ஹிட்டா எர்ரரான்னு எங்க கிரவுண்ட்ல தினம் பஞ்சாயத்து. கால் நடுவுல பந்து போனா எர்ரர்ங்கிறேன், "கை படவே இல்லையே"ங்கிறாங்க.

---

ஸ்கோர்புக்_அக்கா

கை படணும்னு அவசியமே இல்லை. சாதாரண முயற்சியில பிடிச்சிருக்கக் கூடிய பந்து கால் நடுவுல போனா எர்ரர்தான். ஆனா அந்த "சாதாரண முயற்சி"யை அந்த வயசுப் பசங்க மட்டத்துலதான் அளக்கணும். டிவில பார்க்கிற ஷார்ட்ஸ்டாப்பை வச்சு அளந்தா பத்து வயசுப் பசங்க ஆட்டத்துல பக்கம் முழுக்க எர்ரர்தான் இருக்கும். எந்த பேஸுக்கு எறியணும்னு தெரியாம முழிச்சான்னா அது எர்ரர் இல்லை, மனசுல வந்த தடுமாற்றம். வைல்ட் பிட்ச் (பிட்சர் தாறுமாறா போட்டது), பாஸ்ட் பால் (கேட்சர் கோட்டை விட்டது) ரெண்டும் எர்ரர்ல சேராது, தனியா எழுதணும். சந்தேகம்னா நான் ஹிட் கொடுத்துடுவேன். என் புக், என் பென்சில்.

---

பழைய_அம்பயர்

கிரிக்கெட்காரர் என்பதால் ஒரு துணுக்கு: பாக்ஸ் ஸ்கோரை (ஆட்டத்தின் சுருக்கக் கணக்கு அட்டவணை) வளர்த்தெடுத்த ஹென்றி சாட்விக் 1824-ல் இங்கிலாந்தின் எக்ஸெட்டரில் பிறந்தவர். நியூயார்க் பத்திரிகைகளுக்குக் கிரிக்கெட் எழுதிக்கொண்டிருந்து, பிறகு பேஸ்பால் பக்கம் வந்தார். 1938-ல் பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேமில் (பெருமைக்குரியவர்கள் பட்டியல்) சேர்த்தார்கள். உங்களுக்கு முன்பே ஒருவர் இதே வழியில் வந்திருக்கிறார்.

---

திருச்சிக்காரன்

😄 நன்றி சார், நன்றிக்கா. பதிவு பண்ணவரும் 52, கடைசி பேட்டர் 47-ல தொடக்கம்னுதான் வச்சிருக்கார். கோச்கிட்ட சொல்லிட்டேன்.

கடைசியா ஒண்ணு. அந்த 5 ரன் இன்னிங்ஸ்ல மூணு பேஸும் நிறைஞ்சிருந்தப்ப வாக் வந்து ஒரு ரன் ஏறுச்சு. பேட்டர் பேட்டையே அசைக்கல. அவனுக்கு ஆர்.பி.ஐ. (ரன் வரக் காரணமா இருந்ததுக்கான கணக்கு) உண்டா?

---

ஸ்கோர்புக்_அக்கா

உண்டு. பேஸ் நிறைஞ்சிருக்கும்போது பந்து உடம்புல பட்டு ரன் வந்தாலும் உண்டு. வைல்ட் பிட்ச்லயோ பாஸ்ட் பால்லயோ வந்த ரன்னுக்குக் கிடையாது.