பழைய ராடோவின் டயலில் கை வைக்கலாமா?

தக்கலைக்காரன்:
நாகர்கோவிலில் ஒருவரிடம் பழைய சுவிஸ் வாட்ச் ஒன்று, ராடோ டயாஸ்டார், விலைக்கு வந்திருக்கிறது. கை அசைவிலேயே சாவி ஏறும் ஆட்டோமேட்டிக், கிழமையும் தேதியும் காட்டுவது. 18,000 கேட்டார், 16,000-க்கு இறங்கியிருக்கிறார். இரண்டு நாள் கட்டிப் பார்க்கவும் தந்தார். பகலில் ஒழுங்காக ஓடுகிறது, இரவில் கழற்றி வைத்தால் விடிவதற்குள் நின்றுவிடுகிறது. டயலில் 4-க்கும் 6-க்கும் இடையே பழுப்புப் புள்ளிகள். செயின் தளர்ந்திருக்கிறது. வாட்ச் ரிப்பேர் செய்பவர் ஒருவரிடம் காட்டினேன். டயலைச் சுரண்டிப் புதிதாக அச்சடித்து, கேஸை, அதாவது வெளிக்கூட்டை, பாலிஷ் போட்டு, புதிது போலவே தருவதாகவும் 5,000 ஆகும் என்றும் சொன்னார். செய்யலாமா?

வடசேரி அண்ணாச்சி:
வேண்டாம் தம்பி. மணிமேடைப் பக்கம் 30 ஆண்டு லென்ஸைக் கண்ணில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தவன் சொல்கிறேன், டயலைத் தொட விடாதீர்கள்.

அந்தப் பாலிஷ் பேச்சே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. 1962-இல் டயாஸ்டார் வந்தபோதே அதன் பெருமை கீறல் விழாத கேஸ்தான். டங்ஸ்டன் கார்பைடு. சாதாரண பாலிஷ் சக்கரத்தில் பிடித்தால் சக்கரம் தேயுமே தவிர கேஸ் தேயாது. வைரத்தூள் பசை வேண்டும். அதைப் பாலிஷ் போட்டுவிடலாம் என்று ஒருவர் எளிதாகச் சொன்னால், ஒன்று அவருக்கு இந்த வாட்சைத் தெரியாது, அல்லது உங்கள் கையில் இருக்கும் கேஸ் அசல் இல்லை.

இரவில் நிற்கிறது என்றீர்களே, நோய் அங்கே இருக்கிறது. முழுதாகச் சாவி ஏறிய ஆட்டோமேட்டிக், கழற்றி வைத்தாலும் ஒன்றரை நாள் ஓட வேண்டும். உள்ளே எண்ணெய் வறண்டு பிசினாகியிருக்கும். மெஷினை முழுதாகப் பிரித்துக் கழுவ வேண்டும். பெட்ரோலில் முக்கி எடுத்து எல்லா இடத்திலும் ஒரே எண்ணெயை விடுவதற்குப் பெயர் சர்வீஸ் அல்ல. ஸ்பிரிங் டப்பாவுக்குத் தடித்தது, முன்னும் பின்னும் ஆடும் பேலன்ஸ் சக்கரத்தின் அச்சு முனைக்கு மிக மெல்லியது, அதைத் தட்டிவிடும் பேலட் ஃபோர்க் என்ற கவையின் அச்சுக்கு எண்ணெயே கூடாது. இதைத் தெரிந்தவரைத் தேடிப் பிடியுங்கள். பணம் அங்கே போகட்டும்.

டயலில் 12-க்குக் கீழே சின்ன நங்கூரம் இருக்குமே, கையை அசைத்தால் அது ஆடுகிறதா? அது நின்றுவிட்டால் உள்ளே எண்ணெய் வறண்டது என்று கொள்வது எங்கள் பழைய கணக்கு.

தோவாளை மல்லி:
மெஷின் பற்றி அண்ணாச்சி சொன்னதற்கு மறுபேச்சு இல்லை. டயல் பற்றிச் சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை.

என் அப்பாவுக்கு 74 வயது. அவருடைய பழைய சுவிஸ் வாட்சின் டயல் கறுத்து, முள் எங்கே நிற்கிறது என்றே தெரியாமல் ஆகிவிட்டது. 4 ஆண்டுக்கு முன் புதிதாக அச்சடித்துக் கொடுத்தேன். அதுவரை அலமாரியில் கிடந்த வாட்சை அன்றிலிருந்து தினமும் கட்டுகிறார். சேகரிப்பவர்கள் சந்தையில் அதன் மதிப்பு குறைந்திருக்கும். விற்கவே போகாத பொருளுக்குச் சந்தை மதிப்பு எதற்கு?

இன்னொன்றையும் யோசியுங்கள். வெயிலில் நிறம் மாறிய டயல் வேறு, ஈரம் புகுந்து அரித்த டயல் வேறு. முன்னதைக் காலம் தந்த நிறம் என்று கொண்டாடுங்கள். பின்னது அரிப்பு. அது பரவும், பொருக்கு உதிரும், உதிர்ந்தது மெஷினுக்குள் போகும். வீட்டுச் சுவரில் உப்புப் பூத்தால் சுரண்டிவிட்டு வெள்ளையடிக்கிறோம். அதைப் பழைமை என்று யாராவது விட்டுவைக்கிறார்களா?

குளச்சல் கடலோரம்:
வாங்கிய பிறகு என்ன செய்வது என்று இருவரும் பேசுகிறீர்கள். நான் வாங்கவே வேண்டாம் என்கிறேன்.

16,000-உடன் சர்வீஸ், பின்மூடியில் தண்ணீர் புகாமல் தடுக்கும் வாஷர், செயின் எல்லாம் சேர்த்தால் 20,000 தாண்டும். அந்தப் பணத்துக்கு வாரண்டியோடு புதிய ஜப்பான் ஆட்டோமேட்டிக் கிடைக்கும். எங்கள் பெரியப்பா வளைகுடாவிலிருந்து வந்தபோது கட்டி வந்த 'ராடோ' 11 ஆண்டு பீரோவில் பூட்டியே இருந்தது. கல்யாண வீட்டுக்கு மட்டும் வெளியே வரும். கடைசியில் பின்மூடியைத் திறந்தபோது உள்ளே இருந்தது பிளாஸ்டிக் சக்கரம். அவர் முகம் போன போக்கை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். இன்னொருவருக்கு அது வேண்டாம்.

அசலே என்றாலும் நம் கடற்காற்று சும்மா விடாது. கேஸின் முகம்தான் கார்பைடு, பின்மூடி எஃகு. வியர்வையும் உப்பும் வாஷர் உட்காரும் விளிம்பில் குழி பறித்துவிட்டால், புது வாஷர் போட்டாலும் தண்ணீர் உள்ளே போகாது என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

வடசேரி அண்ணாச்சி:
குளச்சல் தம்பியின் பயம் நியாயமானது. அதனால்தான் பின்மூடியைத் திறந்து காட்டாதவரிடம் பழைய வாட்ச் வாங்கக் கூடாது என்பேன். கையில் வைத்தாலே பாதி தெரிந்துவிடும்: டங்ஸ்டன் கார்பைடு எஃகைவிட ஏறத்தாழ இருமடங்கு கனம். மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கார்னெட், சிர்கான் என்ற கடினமான தாதுக்கள் கலந்திருக்கின்றன, இரண்டும் சாதாரணக் கண்ணாடியைக் கீறிவிடும். அந்தக் கடற்கரையில் பல ஆண்டு வேலை பார்த்த ஒருவரின் டயாஸ்டாரைச் சர்வீஸ் செய்திருக்கிறேன். எஃகுச் செயின் முழுவதும் கோடு கோடாக இருந்தது, கேஸின் முகத்தில் ஒரு கோடுகூட இல்லை. ஆனால் ஒன்று, கீறல் விழாத பொருள் உடையாத பொருள் அல்ல. தரையில் விழுந்தால் முனை சில்லாகப் பெயரும். விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள்.

மல்லியம்மா சொன்ன பொருக்கு விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன், நான் அதைச் சொல்லாமல் விட்டது தவறு. தூக்கி நிற்கும் பொருக்கை எடுத்தே ஆக வேண்டும். அதற்காக முழு டயலையும் சுரண்ட வேண்டியதில்லை. மும்பையில் பழைய டயலுக்கு மறு அச்சடிப்பது ஒரு தொழிலாகவே நடக்கிறது. இந்தியாவிலிருந்து வரும் பழைய வாட்ச் என்றாலே வெளிநாட்டில் டயலை லென்ஸ் வைத்துப் பார்ப்பது அதனால்தான். எழுத்து தடித்திருக்கும், நிமிடக் கோடுகள் நேராக நிற்காது, அடியில் 'ஸ்விஸ் மேட்' கோணலாக இருக்கும் அல்லது இருக்கவே இருக்காது. சுரண்டிய பிறகு பழையதைத் திரும்பக் கொண்டுவர யாராலும் முடியாது. அவ்வளவு மோசம் என்றால், ஓடாத வாட்ச் ஒன்றிலிருந்து அசல் டயல் கிடைக்கும்வரை காத்திருக்கலாம்.

தோவாளை மல்லி:
காத்திருக்கலாம்தான், எத்தனை வருடம் அண்ணாச்சி? அதுவரை அந்த வாட்ச் எங்கே இருக்கும்? மறுபடியும் பீரோவில்தானே?

தக்கலைக்காரன்:
சனிக்கிழமை விற்பவரையும் கூட்டிக்கொண்டு, அண்ணாச்சி சொன்னதுபோல் பிரித்துச் சர்வீஸ் செய்யும் ஒருவரிடம் போனேன். பின்மூடி திறந்தது. அசல் சுவிஸ் மெஷின்தான். நங்கூரம் அசையவே இல்லை. பின்மூடி விளிம்பில் ஓரிடத்தில் லேசான குழி இருக்கிறது. அதைக் காட்டிப் பேசி 13,500-க்கு முடித்தேன். இனி தண்ணீர் படாமல்தான் கட்ட வேண்டும். குளச்சல் அண்ணனுக்கு அதற்காக நன்றி.

டயலை வெளியே எடுத்து லென்ஸை என் கையில் தந்தார். 7 புள்ளிகளில் 2 மட்டுமே மேலே தூக்கி நின்றன, மற்றவை வெறும் கறை. அந்த இரண்டையும் கூர்மையான மரக்குச்சியால் மெல்ல நீக்கினார். அச்சடிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மல்லி அக்கா, வருத்தப்படாதீர்கள், கறை பரவினால் உங்கள் வழிக்கே வருகிறேன்.

இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். அப்பா சவுதி அரேபியாவில், தம்மாமில் 14 ஆண்டு வேலை பார்த்தவர். அங்கிருந்து கட்டி வந்த டயாஸ்டாரை 1998-இல் என் கல்லூரிக் கட்டணத்துக்காக விற்றார். மணிக்கட்டில் வாட்ச் இருந்த இடம் மட்டும் வெளுத்துப்போய், வெகு நாள் அப்படியே தெரிந்தது.

சர்வீஸ் முடிந்து நேற்றுதான் வாட்ச் வந்தது. இரவு கழற்றி வைத்தேன், காலையில் ஓடிக்கொண்டிருந்தது. நங்கூரமும் ஆடுகிறது. அப்பாவிடம் கொடுத்தேன். எதுவும் கேட்கவில்லை. சாவியை ஒரு படி இழுத்துத் திருப்பினார். கிழமை ஆங்கிலத்திலிருந்து அரபிக்கு மாறியது. அந்த வாட்சில் அரபி இருப்பதே எனக்கு அதுவரை தெரியாது. சன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஜும்ஆ. வெள்ளிக்கிழமை. எங்களுக்கு லீவு" என்றார்.