புதுப்பிப்பு: பிடித்துவைத்த கடைசிச் சம்பளம் வந்துவிட்டது

சிங்கப்பூரில் வேலையை விட்டதும் நிறுவனம் என் கடைசிச் சம்பளத்தைப் பிடித்துவைத்திருக்கிறது, இது முறையா என்று மூன்று வாரங்களுக்கு முன் கேட்டிருந்தேன். நேற்று மாலை பணம் கணக்கில் ஏறிவிட்டது.

பிடித்துவைத்தது முறைதான். என்னைப் போல் எம்ப்ளாய்மெண்ட் பாஸில் (வெளிநாட்டவருக்கான வேலை அனுமதி) இருப்பவர் வேலையை விட்டால், நிறுவனம் குறைந்தது ஒரு மாதம் முன்பே அவருடைய வரிக்கணக்கை முடிப்பதற்கான ஐஆர்21 படிவத்தை வரித்துறைக்கு அனுப்ப வேண்டும். வரிக்கணக்கு முடியும் வரை சம்பளம், போனஸ், விடுப்புப் பணம் என எல்லாவற்றையும் நிறுத்திவைக்கவும் வேண்டும். ஆனால் எங்கள் கணக்குப் பிரிவு படிவத்தையே அனுப்பியிருக்கவில்லை! பாதி நிரப்பிய தாள் ஒரு கோப்புக்கு அடியில் கிடந்தது. நான் மேசைக்கு எதிரே நின்று கேட்ட பிறகுதான் அனுப்பினார்கள். வேலையை விடுவதாகக் கடிதம் கொடுக்கும் அன்றே இதைக் கேளுங்கள், தயவுசெய்து.

இந்த ஆண்டில் நான் சிங்கப்பூரில் இருந்தது 183 நாள்களைத் தாண்டியிருந்ததால், எனக்கு அங்கே வசிப்பவர்களுக்கான வரி விகிதம் கிடைத்தது.

பாஸ் ரத்தானபோது சிங்கப்பூரில் தங்கத் தந்த 30 நாள் அனுமதியில் இன்னும் ஆறு நாள்கள் மிச்சம். வியாழக்கிழமை திருச்சிக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். வழிகாட்டிய அண்ணன்களுக்கும் அக்காவுக்கும் மனமார்ந்த நன்றி.